அம்மா ஊற்றிய தண்ணீர்

ஹனோவர் மடல்



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு யேர்மனியில் அன்னையர் தினம். ஒரு கிழமைக்கு முன்பிருந்தே கடை வாசல்களில் பூங்கொத்துகளை வாளி வாளியாக அடுக்கி வைத்துவிடுவார்கள். 1923 இல் இந்த நாட்டில் இந்த நாளைப் பரப்பியவர்களே பூக்கடைக்காரர்களின் சங்கத்தினர்தான் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரம் எங்கேதான் இல்லை! ஆனாலும் பிள்ளைகள் பாடசாலையில் கடதாசிப் பூச் செய்து கொண்டுவந்து தாயின் கையில் கொடுக்கும்போது, அதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை.

எங்களில் பலருக்கு அன்றைக்குப் பூக் கொடுக்கத் தாய் பக்கத்தில் இல்லை. சிலரின் தாய்மார் ஊரில். சிலரின் தாய்மார் லண்டனில், கனடாவில். சிலருக்குத் தாய் எந்த மண்ணில் கிடக்கிறா என்பதே தெரியாது. புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு அது கொஞ்சம் கனமான ஞாயிறுதான். அப்படிப்பட்ட நாளில் தாயை எங்கே போய்த் தேடுவது? எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி இந்த மடலில் எழுதுகிறேன். அது தோட்டம்.

ஹனோவரில் தோட்டம் என்றால் எல்லோரும் கை காட்டுவது ஹெரன்ஹவுசனில் இருக்கிற குரோஸர் கார்ட்டனைத்தான். 4ஆம் அல்லது 5ஆம் இலக்க ட்ராமில் போய் வாசலடியில் இறங்கலாம். ஏறத்தாழ 50 ஹெக்டேயர் நிலம். மூன்று பக்கமும் அகழி. நூல் பிடித்து வெட்டியது போன்ற வேலிகள். எழுபது மீற்றருக்கு மேலே பாய்கிற நீரூற்று. விருந்தினர் வந்தால் நாங்களும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவோம். அந்தத் தோட்டத்தைப் பெருப்பித்த பெண்ணின் கதையை அறியும்வரை எனக்கு அது ராசாக்களின் தோட்டம், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் சோபி. 1630 இல் ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் பிறந்தவர். யேர்மன் அரச குடும்பத்துப் பிள்ளை ஏன் ஒல்லாந்தில் பிறந்தது? தாயும் தகப்பனும் அகதிகள்! தகப்பன் ஒரு குளிர்காலம் மட்டும் பொஹேமியாவின் ராசாவாக இருந்து, 1620 இல் போரில் தோற்று, தன் சொந்த நாட்டையும் பறிகொடுத்து, குடும்பத்தோடு ஒல்லாந்தில் தஞ்சம் புகுந்தவர். சோபிக்கு இரண்டு வயதானபோது அவர் இறந்துபோனார். தாயோ பிள்ளைகளை லைடன் என்ற வேறொரு ஊரில் வைத்து வளர்ப்பித்தார். தன் தாய்க்குப் பிள்ளைகளைப் பார்ப்பதைவிடத் தான் வளர்த்த நாய்களையும் குரங்குகளையும் பார்ப்பதிலேயே விருப்பம் என்று, சோபி பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார்.

தாயன்பு அதிகம் கிடைக்காத இந்தப் பிள்ளை வளர்ந்து, 1658 இல் ஏர்ன்ஸ்ட் ஔகுஸ்ட் என்பவரைக் கலியாணம் செய்து, ஹனோவருக்கு வந்தார். தனக்குப் பிள்ளை பிறக்க முன்னரே, தமையனின் ஏழு வயது மகள் லிசலோட்டேயைத் தன்னோடு கூட்டிவந்து நான்கு வருடம் வளர்த்தார். அந்தப் பிள்ளையைப் பிறகு பிரான்சில் கலியாணம் செய்து கொடுத்தார்கள். அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பி வரவேயில்லை. வேர்சாய் மாளிகையில் இருந்துகொண்டு, மாமி உயிரோடு இருந்தவரை மாமிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அரண்மனை விருந்துகளுக்கு நடுவிலும் அவருடைய நாக்கு ஊரில் சாப்பிட்ட புளித்த கோவாவுக்குத்தான் ஏங்கியது. பாருங்கள், மாளிகையில் இருந்தாலும் ஊர்ச் சாப்பாடு ஊர்ச் சாப்பாடுதான்!

சோபி பெற்று வளர்த்தது ஆறு ஆண்பிள்ளைகளும் ஒரு பெண்பிள்ளையும். துருக்கியருக்கு எதிரான போரில் 1690 – 91 காலத்தில் இரண்டு மகன்கள் இறந்தார்கள். மூன்றாவதாக ஒரு மகன் 1703 இல் இன்னொரு போரில் டானியூப் ஆற்றில் மூழ்கி இறந்தான். ஒரே மகளும் 1705 இல் ஹனோவருக்கு வந்திருந்த இடத்தில் நோயுற்றுக் கண்ணை மூடினாள். அதற்கு முன்னரே, 1698 இல் கணவரும் போய்விட்டார். இவ்வளவுக்கும் நடுவில், மார்ட்டின் ஷார்பொன்னியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரரைக் கொண்டு அந்தத் தோட்டத்தைப் பெருப்பித்துக்கொண்டும், வயது போன காலத்திலும் அதற்குள் நடந்துகொண்டும் இருந்தார் சோபி. 1714 ஜூன் 8ஆம் திகதி, 83 வயதில், தோட்டத்தில் உலாவும்போது மழை பிடித்தது. ஒதுங்குவதற்கு விரைந்து நடந்தவர் அங்கேயே விழுந்து உயிரை விட்டார். இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் பிரித்தானியாவின் ராணியாகியிருப்பார். அந்த முடி மூத்த மகன் ஜோர்ஜுக்குப் போனது. அவர் விழுந்த இடத்தில் 1878 இல் வைத்த வெள்ளைக் கல் சிலை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது நீரூற்றோடு நின்றுவிடாமல் அந்தச் சிலையடிக்கும் போய் வாருங்கள்.

மூன்று மகன்களைப் போருக்குக் கொடுத்த தாய் என்றால் எங்களுக்கு விளங்கும். அப்படிப்பட்ட தாய்மார் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார்கள். அவர்களில் பலர் விடியக் காலையில் என்ன செய்தார்கள் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றடிக்குப் போய், கன்றுக்குத் தண்ணீர் விட்டார்கள். பிள்ளை இல்லை. ஆனால் கத்தரிக் கன்றுக்கு அன்றைக்கும் தண்ணீர் வேணும்.

எங்கள் தாய்மாருக்கு ஐம்பது ஹெக்டேயர் இருக்கவில்லை. கிணற்றடி இருந்தது. குளிக்கிற தண்ணீர் ஓடிப்போய் வாழைக்கு விழும். வாழைக்குப் பக்கத்தில் வல்லாரை. வேலியில் முருங்கையும் தூதுவளையும். குசினிப் பின்பக்கத்தில் கருவேப்பிலை. இரண்டு பாத்தியில் கத்தரி, மிளகாய், பயித்தை, வெண்டி. ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாத தோட்டம் அது. சோபியின் தோட்டத்தில் நீரூற்றுக்கு அகழியும் இயந்திரமும். எங்கள் அம்மாவின் தோட்டத்தில் துலாவும் அம்மாவின் இரண்டு கையும்.

என்னுடைய அம்மா அன்பை வாயால் சொல்லத் தெரியாத மனுசி. கட்டிப் பிடித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசைய முடியாமல் நின்றது. அம்மாவின் கையில் ஒரு உடுப்புப் பை. இடுப்பில் ஒரு சின்ன முடிச்சு. அதற்குள் காசு இருக்கும் என்று நினைத்தேன். தென்மராட்சியில் ஒரு பாடசாலைத் தாழ்வாரத்தில் அவிழ்த்தபோதுதான் தெரிந்தது, சாம்பல் பிரட்டிக் காயவைத்த மிளகாய் விதையும் கத்தரி விதையும்! பிறகு வன்னி. ஒவ்வொரு கொட்டிலடியிலும் கூரை போட்டு முடிய முன்னரே ஒரு பாத்தி கொத்திவிடுவா. “எத்தினை நாளைக்கு இஞ்சை இருக்கப் போறமெண்டு இதை நடுறியள்?” என்று பக்கத்துக் கொட்டில் மாமி கேட்பா. “பிள்ளையள் நாளைக்கும் சாப்பிடுந்தானே” என்பா அம்மா.

2009 இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் சனத்தோடு நாங்களும் முகாமுக்குள் போனோம். தண்ணீர் பவுசரில் வரும். வரிசையில் நின்று, சண்டை பிடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து எடுக்க வேணும். அம்மா ஒரு பால்மாப் பேணியில் மண் நிரப்பி ஒரு மிளகாய்க் கன்று வைத்திருந்தா. குடிக்கவே தண்ணீர் காணாத இடத்தில் அதற்கு எப்படித் தண்ணீர் விடுவது? அம்மா பேணிக்கு மேலே குனிந்து நின்று முகம் கழுவுவா. ஒரு தண்ணீரில் இரண்டு வேலை. அந்தக் கன்றில் முதல் காய்த்த நாலு மிளகாயும் எங்களுடைய சம்பலுக்குள்தான் போனது. தனக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. “எனக்கு உறைப்புக் கூடாது” என்றா. வாழ்நாள் முழுக்க உறைப்புச் சாப்பிட்ட மனுசி!

2013 இல் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றவனுக்குத் தொழிற்சாலை வேலைதான். மூன்று மாறல் வேலை, அதில் ஒரு கிழமை இரவு. அகதியாக ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் பத்திரம் உங்களில் பலரிடமும் இருக்கும். சொந்த நாட்டுக்குப் போக அது உதவாது. 2019 ஆவணியில் கிளிநொச்சியில் அக்கா வீட்டில் அம்மா கண்ணை மூடினபோது, நான் ரெலிபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்ளி வைத்தது மருமகன். அடுத்த நாள் பின்நேர வேலைக்குப் போனேன். இதை எழுதுவது என்னுடைய கதை பெரிது என்பதற்காக இல்லை. இதே மாதிரி ரெலிபோனில் தாயை வழியனுப்பினவர்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள் என்பதால்தான்.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிளைன்கார்ட்டன் ஒன்று கிடைத்தது. மூன்று வருடம் பெயர் பதிந்து காத்திருந்து கிடைத்தது. பின்நேர வேலையில்லாத நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போவேன். ஒருநாள் காலை, இரவு வேலை முடிந்து நேரே போய், தண்ணீர்ப் பீப்பாவில் ஒரு கோப்பை மொண்டு முகம் கழுவினேன். மகள் கேட்டாள், “அப்பா, ஏன் எப்பவும் மிளகாய்க் கண்டுக்கு மேலை நிண்டு முகம் கழுவுறியள்?”

அப்போதுதான் கவனித்தேன். பீப்பா நிறைய மழைத் தண்ணீர் இருக்கிறது. ஹனோவரில் தண்ணீருக்கு ஒரு பஞ்சமும் இல்லை. ஆனாலும் நான் குனிந்து நிற்கிறேன், அம்மா நின்ற மாதிரியே. அம்மாவின் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது வராத அம்மா அன்றைக்கு அந்த மிளகாய்க் கன்றடியில் வந்து நின்றா. மகளுக்கு அப்பம்மாவின் பால்மாப் பேணிக் கதையை அன்றைக்குத்தான் முதல்முதல் சொன்னேன். இப்போது அவளும் அப்படித்தான் முகம் கழுவுகிறாள். ஒரு நாளும் காணாத அப்பம்மாவிடம் ஒரு பழக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வயதான யேர்மன் அம்மா இருக்கிறா. பிள்ளைகள் ஓமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவவிடம் என் அரைகுறை டொச்சில் இந்தக் கதையைச் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லாமல் தன் வேலியோரம் நிற்கிற சிவப்புப் பெரிப் பற்றையைக் காட்டினா. அது அவவின் தாய் நட்டதாம். தாய் போர் முடிய ஷ்லேசியனில் இருந்து துரத்தப்பட்டு வந்தவ. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கிழக்கிலிருந்து அப்படி வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். நீடர்சாக்சன் மாநிலம் அவர்களில் பெருந்தொகையினரை ஏற்றது. நாங்கள் மட்டும்தான் அகதிகள் என்று நினைக்கிறோம். பக்கத்து வேலிக்குள்ளும் ஒரு அகதித் தாயின் கை இருக்கிறது!

இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரத்தில் கோட்டிங்கன் நகரம். அங்கே 1995 இல் பொஸ்னியா போரால் அகதிகளாக வந்த பெண்கள் தேநீர் குடிக்கக் கூடும் ஓர் இடத்தில், “இங்கே உங்களுக்கு எது இல்லாமல் கவலையாக இருக்கிறது?” என்று கேட்டார்களாம். எங்கள் தோட்டங்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அந்த ஒரு பதிலில் இருந்து, 1996 இல் பல நாட்டு அகதிக் குடும்பங்கள் சேர்ந்து நிலம் எடுத்து ‘சர்வதேசத் தோட்டம்’ தொடங்கினார்கள். அதைப் பார்த்து யேர்மனி முழுக்க அப்படியான தோட்டங்கள் வந்தன. எங்கள் ஹனோவரில் சால்காம்ப் பகுதியில் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தின் கூரைக்கு மேலேயே அப்படி ஒரு தோட்டம் போட்டார்கள். வீடு வேணும், வேலை வேணும், விசா வேணும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோட்டமும் வேணும் என்று சொல்ல அந்தத் தாய்மாரால்தான் முடிந்தது.

இனிப் புதிதாக வந்தவர்களுக்குச் சில நடைமுறை விசயங்கள்.

ஹனோவரில் ஏறத்தாழ 20,000 கிளைன்கார்ட்டன்கள் இருக்கின்றன. உங்கள் பகுதியில் உள்ள தோட்டச் சங்கத்தில் பெயர் பதியுங்கள். காத்திருக்க வேண்டி வரும், ஆகவே இப்போதே பதியுங்கள். 1983 இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேணும். அதற்குள் இருக்கிற சின்ன வீடு 24 சதுர மீற்றருக்கு மேல் கூடாது, அதில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறி, பழம் பயிரிட வேணும் என்று எதிர்பார்ப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

மிளகாய் விதையை மாசி, பங்குனியில் வீட்டுக்குள் சூடான இடத்தில் முளைக்கப் போடுங்கள். வெளியே நடுவதற்கு மே 15 வரை பொறுங்கள். மே 11 முதல் 15 வரையான நாட்களை இங்கத்தைய ஆட்கள் ‘பனிப் புனிதர்கள்’ என்பார்கள். கடைசி நாளின் பெயர் ‘குளிர்ந்த சோபி’. இது வேறொரு புனிதரின் பெயர், எங்கள் தோட்டத்துச் சோபி இல்லை. அந்த நாள் போக முன்னர் நட்டால் ஒரே இரவு உறைபனியில் கன்று கருகிவிடும். அன்னையர் தினமும் அந்தக் கிழமையை ஒட்டித்தான் வரும். ஆகவே அந்த ஞாயிறில் பாத்தியைக் கொத்தி எருப் போட்டுத் தயாராக்குங்கள். பூசணி, போஞ்சி, வெந்தயக் கீரை, கொத்தமல்லி எல்லாம் வெளியே நன்றாக வரும். கத்தரிக்குக் காற்றுப் படாத வெயில் இடமோ கண்ணாடிக் கொட்டிலோ வேணும்.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் விதையோ கன்றோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2019 டிசம்பர் நடுப்பகுதியில் இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் விதைக்கும் கன்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேணும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். தமிழ்க் கடையில் வாங்கும் பச்சை மிளகாய் நன்றாகப் பழுத்தால் அதற்குள்ளேயே விதை இருக்கிறது. என் தோட்டத்து மிளகாய் அப்படி வந்ததுதான். அம்மாவின் விதை வரவில்லை, அம்மாவின் கைப்பக்குவம் வந்தது.

தோட்டம் கிடைக்காதவர்களுக்கு யன்னல் இருக்கிறது. கருவேப்பிலையைச் சாடியில் வையுங்கள். கோடையில் வெளியே, ஒக்டோபரில் குளிர் தொடங்க முன் உள்ளே. குளிர்காலத்தில் வெளிச்சம் கூடவும் தண்ணீர் குறையவும் கொடுங்கள். இலை கொட்டினால் பயந்து எறிந்துவிடாதீர்கள், பங்குனியில் துளிர்க்கும். யேர்மன்காரர் யன்னல்களில் ஊதாப் பூவோடு ஒரு சின்னச் செடி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் ஊர் கிழக்கு ஆபிரிக்கா, இன்றைய தன்சானியாவின் உசம்பாரா மலை. ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் வளர்த்து 1893 இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் மிளகாயும் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கேயர் காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்ததுதான். யாரோ ஒருவர் பொறுத்திருந்து தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடியும் எந்த ஊரிலும் வேர் விடும்.

ஒரு வேண்டுகோள். தாய் உயிரோடு இருக்கிறவர்கள் இந்தக் கிழமை ரெலிபோன் எடுக்கும்போது, “சாப்பிட்டியளோ, மருந்து போட்டியளோ” என்பதோடு வைத்துவிடாதீர்கள். “அம்மா, மிளகாய்க் கண்டுக்கு என்ன எரு போடுறது?” என்று கேளுங்கள். அவவுக்குத் தெரிந்த ஒன்றை, அவவால்தான் சொல்ல முடிந்த ஒன்றைக் கேளுங்கள். அன்றைக்கு அவ ரெலிபோனை வைக்கமாட்டா. தாய் இல்லாதவர்கள், அவ செய்த ஒரு வேலையைப் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்து காட்டுங்கள். செய்யும்போது அவவின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த மடலில் சந்திப்போம்.